கால் தெரியவில்லை

எங்கள் ஊரில் ஒதீலியாவைப் பற்றிக் கேட்டால் பெருமையாகச் சொல்வார்கள். பதிமூன்று பேரைக் காப்பாற்றியவள் என்பார்கள். கோயிலில் அவள் பேரைச் சொல்லிப் பூசை வைத்தார்கள், பத்திரிகையில் படம் வந்தது. எல்லாம் சரிதான். ஆனால் ஊரார் சொல்லும் கதையில் மூன்று நிமிடம் இல்லை. அந்த மூன்று நிமிடம் அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அன்றைக்குப் பனிக்கட்டி மேல் உட்கார்ந்திருந்தவர்கள் பதினான்கு பேர். பதினான்காவது ஆள் என் தம்பி கயெதான். அதனால் இதைச் சொல்ல வேண்டியவன் நான்தான்.

நான் செவெரின். அணைக்கரை முக்கில் தூண்டில் கடை வைத்திருக்கிறேன். டிசம்பரில் நீர்த்தேக்கம் உறைந்ததும் சுற்றுப்பட்டு ஆட்கள் பெட்டியும் கையுமாக வந்து இறங்கிவிடுவார்கள். பனியில் துளை போட்டு, கொண்டுவந்த பெட்டி மேலேயே குந்தி, விரல் நீள மீனுக்காக நாள் முழுக்கத் தவம் கிடப்பார்கள். அவர்களுக்குப் புழு விற்பது என் பிழைப்பு. ஒதீலியா பேக்கரி வேன் ஓட்டுபவள். காலையில் நான்கு ஊருக்கு ரொட்டி இறக்கிவிட்டு, மதியம் ஒரு மணிக்கு மேல் வேனைக் கரையில் நிறுத்துவாள். தொலைநோக்கியை முக்காலியில் ஏற்றி, கடற்காக்கைகளின் கால்களைப் பார்த்தபடி இருட்டும் வரை நிற்பாள். இருபத்தொரு குளிர்காலமாக இதே வேலை.

கால்களையா என்று புதிதாக வருபவன் சிரிப்பான். ஆமாம், கால்களைத்தான். சில பறவைகளுக்குக் காலில் வளையம் இருக்கும். அதில் கீழிருந்து மேலாக நாலெழுத்து. எங்கோ ஒரு தீவில் குஞ்சாக இருந்தபோது யாரோ மாட்டிவிட்டது. முந்நூறு மீட்டர் தள்ளி நின்று அந்த நாலெழுத்தைப் படித்து வளைய அலுவலகத்துக்கு எழுதிப் போட்டால், அந்தப் பறவையின் ஜாதகமே தபாலில் வந்து சேரும்.

ஒதீலியாவுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது அவள் புருஷன் விட்டுவிட்டுப் போன வருடம். கரையில் வேனை நிறுத்தி அழுதுகொண்டிருந்தவள், எதிரே ஒரு பறவை காலில் மஞ்சளாக எதையோ கண்டு, ரொட்டிக் காகிதத்தின் பின்னால் எழுதி வைத்தாள். நான்தான் முகவரி தேடிக் கொடுத்தேன். ஆறு வாரத்தில் கடிதம் வந்தது. அதுவரை அவள் வீட்டுக்கு வந்த தபால் எல்லாம் மின்சாரக் கட்டணமும் வக்கீல் நோட்டீசும்தான். கடிதத்தைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு ஓடிவந்தாள்.

"செவெரின், இதப் படி! உக்ரைன்ல ஆத்துத் தீவுல பொறந்தவனாம். வளையம் போட்ட பெறகு உலகத்துலயே மொதல்ல பாத்தது நான்தானாம்டா! என் பேரு போட்டிருக்கு பாரு, முழுப் பேரு!"

அந்தப் பறவைக்கு மூத்தவன் என்று பேர் வைத்தாள். பதினெட்டு குளிர்காலம் மூத்தவன் வந்தான், பதினெட்டுக் கடிதம் வந்தது. ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு வரி கூடும். அதற்குப் பிறகு இரண்டு குளிர்காலம் அவன் வரவில்லை. அவள் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டு வருடமும் அவள் பக்கத்தில் போய்ப் பேச எவனுக்கும் தைரியம் இல்லை.

அவள் வாய் இருக்கிறதே, அப்பப்பா! கரையில் யாராவது கார்க் கதவை அடித்துச் சாத்தினால் தீர்ந்தது. நாலாயிரம் பறவையும் ஒரே எழும்பாக எழும்பிப் போய்விடும், அவளுடைய அன்றைய பிழைப்பு போச்சு. நாயை அவிழ்த்து விட்டவன், பட்டாசு வெடித்தவன், கல்யாணப் போட்டோ எடுக்க வந்து கைதட்டச் சொன்னவன் என்று ஒருவனையும் அவள் மன்னித்ததில்லை. ஜனவரியில் வீடு வீடாக மந்திரித்து ஆசீர்வதிக்கக் கிளம்பிய பாதிரியார் ஒருமுறை கரையில் காரை நிறுத்திக் கதவைப் படீரென்று சாத்தினார். "சாமி, உங்க கோயில் கதவையும் இப்படித்தான் சாத்துவீங்களா?" என்று கேட்டாள். மனுஷன் அந்த வருடம் அவள் வீட்டை மட்டும் மந்திரிக்கவில்லை.

பனியில் உட்காருபவர்களோடு அவளுக்கு தினமும் வாய்ச்சண்டை. அவர்கள் எழுந்து நின்றால் கத்துவாள், நடந்தால் கத்துவாள். "டேய் கிராச்சியன், ஒக்காருடா! எதுக்குடா தூண் மாதிரி நிக்கிற?" என்பாள். கிராச்சியன் மரம் அறுக்கிறவன், வம்புக்காரன். வேண்டுமென்றே எழுந்து நின்று தொப்பியைக் கழற்றி, "உத்தரவு பானி ஒதீலியா, மூச்சு விடலாமா?" என்பான்; பானி என்றால் எங்கள் பக்கத்தில் அம்மணி. பனி மேல் பதினைந்து வாய் சிரிக்கும். இப்படியே பழகிப் பழகி, அவள் கத்துவது அவர்களுக்குக் காற்றுச் சத்தம் மாதிரி ஆகிவிட்டது.

கயெதான் ஒருவன்தான் அவளுக்குச் செல்லம். என் தம்பிக்கு நாற்பத்தொன்பது வயது. சாதுவானவன். இரண்டு பேருக்கும் ஓர் ஒப்பந்தம். அவன் எல்லோரையும் தாண்டி, திறந்த தண்ணீருக்கு முன்னால் போய் உட்காருவான். பிடிக்கும் பொடிமீனைப் பனி விளிம்பில் வீசுவான். மின்சாரம் எடுக்கும் விசையாழி ஓடுவதால் அணைக்கட்டின் ஓரம் உறையாது. அங்கே குளிக்கும் கடற்காக்கைகள் மீனுக்காக விளிம்பில் ஏறி வரிசையாக நிற்கும். அவள் நிதானமாகக் கால் பார்ப்பாள். கூலியாக, விற்காத பன் இரண்டு பை. "ஏன் ஒதீலியா, என் தம்பியை அவ்வளவு தூரம் அனுப்புறியே, பயமா இல்லையா?" என்று ஒருதரம் கேட்டேன். "உன் தம்பி முப்பது வருஷமா பனியில உக்காறான். எனக்கு மேல அவனுக்குத் தெரியும், நீ புழுவை எண்ணு" என்றாள்.

உண்மைதான், அவனுக்குப் பனி தெரியும். மீன் பிடிப்பவனுக்குத் துளைக்குக் கீழே உள்ள பனி தெரியும். ஆனால் முதுகுக்குப் பின்னால் இருப்பதும், தாழ்வாகக் குந்தியிருப்பதால் விளிம்பில் நடப்பதும் அவனுக்குத் தெரியாது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றவள் அவள். அவள் பார்த்ததைப் படித்தவன் நான்.

அந்த வருடம் பிப்ரவரியில் காற்று தெற்கே திரும்பியது. மேலே மலையில் மழை. கூரை சொட்டத் தொடங்கியது. பனி இன்னும் ஒரு சாண் தடிமன் இருந்தது, அதனால் யாரும் கிளம்பவில்லை. அந்தத் திங்கட்கிழமை ஒதீலியா கடைக்குள் வந்தாள். மூக்கு சிவந்து, கண் பளபளவென்று இருந்தது.

"வந்துட்டான்டா."

"யாரு, புருஷனா?"

"செருப்பால அடிப்பேன். மூத்தவன்! மஞ்ச வளையம், தேஞ்சு வெளுத்துப் போச்சு. மேல மூணு எழுத்து சரியா இருக்கு. அடியில ஒண்ணு தெரியல. காலு தண்ணிக்குள்ள இருக்கு."

"மூணு சரியா இருந்தா அவன்தானே? எழுதிப் போடேன்."

"தெரியாததை எழுத மாட்டேன்" என்றாள். அவள் அப்படித்தான். அவள் நோட்டில் ஊகம் என்று ஓர் எழுத்து கிடையாது. மணி, நிமிடம், காற்று, எத்தனை பறவை, எந்தக் கால், எது தெரிந்தது, எது தெரியவில்லை, எல்லாம் இருக்கும். செவ்வாயும் புதனும் அவள் டீ குடிக்க வந்தபோது நோட்டு என் மேசையில் திறந்து கிடந்தது. நான் படித்தேன். திங்கள்: "விளிம்பில் 900, கணுக்கால் வரை தண்ணீர், கால் தெரியவில்லை." செவ்வாய்: "1400, கால் தெரியவில்லை." புதன்: "2000, யாருக்கும் கால் தெரியவில்லை." நான் சிரித்தேன். "என்னம்மா, இந்த வருஷம் கால் இல்லாத பறவையா வருதா?" என்றேன். அவளும் சிரித்தாள்.

இதை நினைத்தால் என் தலையில் நானே அடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. பனி மேல் நிற்கும் பறவைக்குக் கால் ஏன் தெரியாது? பனி தண்ணீருக்குக் கீழே போனால்தான் தெரியாது. ஆற்றில் வரத்து ஏறிக்கொண்டிருந்தது. கரையோடு ஒட்டி உறைந்த பனி எழும்ப முடியாமல், விளிம்பில் தண்ணீரைத் தன் மேல் ஏற்றிக்கொண்டிருந்தது. என்றைக்காவது பட்டென்று விட்டுவிடும். மூன்று நாளாக அது அவள் கையெழுத்தில் என் மேசை மேல் கிடந்தது. அவள் அதில் வளையத்தைத் தேடினாள், நான் கிண்டலைத் தேடினேன். வளையம் படிக்கிறவர்களைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியாது.

வியாழக்கிழமை. நோன்புக்கு முந்தைய கடைசி வியாழன், எங்கள் ஊரில் டோனட் தின்னும் நாள். பேக்கரி வேனுக்கு அன்றைக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஒதீலியா விடியற்காலையிலிருந்து ஓடிவிட்டு, இரண்டரை மணிக்குத்தான் கரைக்கு வந்தாள். கடைசி இரண்டு தட்டு டோனட்டைப் பனிக்காரர்களுக்கென்று எடுத்து வைத்திருந்தாள், ரோஜா ஜாம் வைத்தது. நானும் கடையைச் சாத்திவிட்டுப் போய் நின்றேன். வானம் ஈயச் சட்டி நிறத்தில் இருந்தது. காற்று வெதுவெதுப்பாக அடித்தது. பிப்ரவரியில் அப்படி அடிக்கக் கூடாது.

கயெதான் வழக்கமான இடத்தில் இருந்தான், எல்லோருக்கும் முன்னால், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. கையை ஆட்டி மீன் வீசினான். பறவைகள் விளிம்பில் ஏறின.

ஒதீலியா தொலைநோக்கியில் குனிந்தாள்.

கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இருக்கான்" என்றாள். "பாரு."

நான் பார்த்தேன். வெள்ளைத் தலை, நீள மூக்கு, வயதான பறவை. தண்ணீரில் நின்றது. வளையத்தின் மேல் பாதி மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த மஞ்சள் இன்னும் கொஞ்சம் குறைந்தது. பறவை நகரவில்லை. தண்ணீர் ஏறியது.

அவள் மறுபடி குனிந்தாள். "செவெரின்" என்றாள். குரல் மாறியிருந்தது. "பனி அமுங்குதுடா."

இனி நான் சொல்லப்போவதுதான் அந்த மூன்று நிமிடம். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஹார்னை அடி என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது இது: "மூணு நாளா அப்படித்தானே இருக்கு. இரு இரு, காலைத் தூக்கப் போறான் பாரு."

பறவை தலையைச் சாய்த்தது. காதைச் சொறியப் போகும்போது அப்படித்தான் சாய்க்கும். அவள் கை வேன் கதவுப் பிடியில் இருந்தது, கண் தொலைநோக்கியில் இருந்தது. பிடியை அவள் திறக்கவில்லை. "தூக்குடா ராஜா" என்றாள். "ஒரே ஒரு தடவை. தூக்குடா என் கண்ணு." பறவை சொறியவில்லை. தலையை நிமிர்த்தியது. மறுபடி சாய்த்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் தம்பி அந்தப் பறவைக்கு முப்பது அடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவனும் தொலைநோக்கிக்குள் தெரிந்தான். நான் பறவையைத்தான் பார்த்தேன்.

அது காலைத் தூக்கியது. மஞ்சள் வளையம் முழுசாக, தண்ணீர் சொட்டச் சொட்ட, நாலெழுத்தும் தெரிந்தது. "அவன்தான்!" என்றாள். பழக்கத்தில் கை தானாக நோட்டை எடுத்து, அவனை முதலில் கண்ட மணியை எழுதியது. இரண்டு நாற்பத்தொன்று. எழுதி முடித்து நிமிர்ந்தவள் விளிம்பைப் பார்த்தாள். அங்கே வரிசை இல்லை. பறவைகள் எல்லாம் நீந்திக்கொண்டிருந்தன. நின்ற இடத்தை விட்டு அவை நகரவே இல்லை, காலடியில் பனிதான் இல்லை.

"டேய்ய்! வெளிய வாங்கடா! எல்லாரும் வெளிய வாங்க!"

கத்தினாள், தொண்டை கிழியக் கத்தினாள். நானும் கத்தினேன். கிராச்சியன் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினான். காற்றில் அவன் குரல் வந்தது. "உத்தரவு பானி ஒதீலியா! டோனட்ட அங்கயே வைங்க, நாங்க இன்னும் சாப்பாட்டையே முடிக்கல!" சிரிப்புச் சத்தம் கேட்டது. கயெதான் திரும்பிப் பார்த்துக் கையை அசைத்துவிட்டு, அவளுக்காக இன்னொரு மீனை வீசினான்.

அப்போதுதான் அவள் வேனுக்குள் பாய்ந்து ஹார்னை அழுத்தினாள். கையை எடுக்காமல் அழுத்தினாள். இருபது வருடத்தில் அந்தக் கரையில் அந்த வேன் ஹார்ன் அடித்ததே இல்லை. நாலாயிரம் பறவை ஒரே சமயத்தில் எழும்பியது. வெளிச்சமே ஒரு கணம் மங்கியது. பனி மேல் சிரிப்பு நின்றது.

கிராச்சியன் பிறகு என்னிடம் சொன்னான்: "அண்ணே, ஹார்ன் சத்தத்துக்கு நான் அசையல. டோனட் ஆறுதுன்னு கூப்புடறான்னு நெனச்சேன். பறவை கெளம்புச்சு பாருங்க, அப்பத்தான் எனக்கு உசுரே போச்சு. ஒதீலியா அதுங்களைக் கெளப்பிட்டான்னா, அப்பறம் அங்க என்ன இருக்கு?" பெட்டி, தூண்டில், துளை போடும் திருகு எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடினார்கள். கரையோரம் ஏற்கெனவே முழங்கால் தண்ணீர். விழுந்து எழுந்து பதிமூன்று பேர் கரையேறினார்கள்.

கயெதானும் ஓடிவந்தான். எல்லோரையும் விட அவனுக்குத்தான் தூரம் அதிகம். பாதி வழியில் இருந்தபோது துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். அவனுக்கும் கரைக்கும் நடுவில் பனி வாய் பிளந்தது. அவன் நின்ற துண்டு மெல்லச் சாய்ந்தது. அவன் என்னைப் பார்த்து "அண்ணே" என்று கூப்பிட்டான், பயந்த குரலில்கூட இல்லை, கடையில் வந்து கூப்பிடுவானே, அப்படி. கரையில் இதற்கென்றே கிடக்கும் ஏணியைத் தூக்கிக்கொண்டு நான் இறங்கினேன். கிராச்சியன் என்னைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துக்கொண்டான். அவனைக் கடித்தேன், விடவில்லை. மறுநாள் பகலில் தீயணைப்புக்காரர்கள் தம்பியை எடுத்தார்கள்.

ஊர் ஒதீலியாவைக் கொண்டாடியது. பத்திரிகையில், "பகல் 2.44-க்கு அவர் அடித்த ஹார்ன் பதிமூன்று உயிர்களைக் காத்தது" என்று போட்டார்கள். கயெதானின் மனைவி எல்விரா அதைக் கத்தரித்துச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்தாள். அடக்கத்தன்று ஒதீலியாவைக் கட்டிக்கொண்டு, "நீ இருந்ததாலதான் மத்த பொம்பளைங்களுக்காவது புருஷன் மிஞ்சினான்" என்று அழுதாள். ஒதீலியா மரக்கட்டை மாதிரி நின்றாள்.

நான் ஒரு வேலை செய்தேன். கயெதான் உட்கார்ந்த இடத்திலிருந்து கரை நூற்றெண்பது மீட்டர். சாலையில் அதே தூரத்தைக் குறித்து, அவன் போட்டிருந்த மாதிரியே கனத்த பூட்ஸ் மாட்டி, ஓடாமல், சும்மா நடந்து பார்த்தேன். இரண்டு நிமிடம் நாற்பது நொடி. ஐந்து தடவை நடந்தேன். ஒரு தடவைகூட மூன்று நிமிடத்தைத் தொடவில்லை.

ஈஸ்டருக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒதீலியா கடைக்கு வந்தாள். நீர்த்தேக்கம் முழுக்க உருகி, பறவைகள் போய்விட்டிருந்தன. மேசையில் ஓர் உறையை வைத்தாள். பிரித்திருந்தது.

"மூத்தவனோட கடுதாசி" என்றாள்.

"அனுப்பினியா?" எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அதுக்கப்பறமும் அத எழுதிப் போட்டியா? என்ன பொம்பள நீ?"

"பாத்ததை எழுதாம இருக்க முடியல செவெரின். மணிய மாத்தி எழுதவும் முடியல. எழுதினாத்தானே அது எங்கயாவது இருக்கும். இல்லன்னா எனக்குள்ளயும் உனக்குள்ளயும் மட்டும் கெடந்து அழுகும்."

கடிதத்தைப் பார்த்தேன். பத்தொன்பது வரி, அவன் வந்த வருடத்துக்கு ஒன்று. கடைசி வரியில் அந்த வியாழன், எங்கள் அணை, 2.41, பார்த்தவர் ஒதீலியா, முழுப் பெயர்.

"எல்விராகிட்ட கொண்டு போறேன்" என்றாள். "நேத்து அவ வீட்டுல சாப்பிடக் கூப்பிட்டா. அந்தச் சுவத்துக்கு எதிரே ஒக்கார வச்சு சூப்பு ஊத்தினா. என்னால முழுங்க முடியலடா."

சும்மா இரு, செத்தவன் செத்துவிட்டான், அவளாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதை விட்டுவிட்டுக் கோட்டை மாட்டினேன்.

"எங்க கெளம்பற?" என்றாள்.

"காலைத் தூக்கப் போறான், இருன்னு சொன்னது யாரு? உன் பேரு மட்டும்தான் அதுல இருக்கு. என் பேர நான்தான் சொல்லணும்."

இரண்டு பேரும் எல்விரா வீட்டுக்கு நடந்தோம். எல்விரா கதவைத் திறந்தாள், கையெல்லாம் மாவு. ஒதீலியாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வா வா, சொல்லாமக் கொள்ளாம வந்திருக்கீங்க. கதவச் சாத்துங்க, குளிருது" என்றாள். ஒதீலியா கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, கடிதத்தை மேசையில் விரித்து வைத்தாள்.

"என்னது, உன் பறவைக் கடுதாசியா? அவர்கிட்ட எப்பவும் காட்டுவியே" என்றாள் எல்விரா. கையைத் துடைத்துக்கொண்டு இழுப்பறையில் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள். சுவரில் ஒட்டிய, 2.44 என்று போட்ட பத்திரிகைத் துண்டுக்கு நேர் கீழே உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தாள். விரல் ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கியது. உட்காருங்கள் என்று சொன்னாள். நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம்.